லட்டுவைத் திரும்பப் பெறுதல்: சேர்ந்த கையோடு வேலையை விடுவது குறித்த ஓர் ஆய்வு

வேலையை விடுவது பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு தேதியைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள்: கடிதம் கொடுத்த தேதி. சேர்ந்த கையோடு விலகுகிறவருக்கோ தேதிகள் இரண்டு. ‘இது நமக்குச் சரிப்படாது’ என்று மனம் தீர்மானிக்கும் நாள் ஒன்று, அதை எழுதிக் கொடுக்கும் நாள் மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். ஐ.டி. கார்டுக்குப் போட்டோ எடுத்து, கார்டு கைக்கு வருவதற்குள் வந்துவிடுவதும் உண்டு. இரண்டாவதோ ஆறு வாரம், நாலு மாதம் என்று இழுத்துக்கொண்டே போகும். இந்த இடைவெளியில் அந்த மனிதர் தினமும் குளித்து, டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு, தான் ஏற்கெனவே விட்டுவிட்ட வேலைக்குப் போய்வருகிறார். இந்த இடைவெளியின் நீளத்தை எது நிர்ணயிக்கிறது? வேலை கிடைத்த செய்தி எத்தனை வீடுகளுக்கு லட்டுவாகப் போனதோ அந்த எண்ணிக்கைதான் என்பது இக்கட்டுரையின் முடிபு. முதலாளி, சட்டம், தலைமுறை ஆகியவற்றுக்கு இதில் பங்கு இருப்பதாகச் சொல்வோருக்குக் கீழே தனித்தனியே பதில் உண்டு. களம்: மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு.

முதலில் செய்தி பரவும் வழியைப் பார்த்துவிடலாம். ஆர்டர் வந்த அன்று மாலை லஸ் முனை நவசக்தி விநாயகருக்கு ஒரு சிதறு தேங்காய். வெள்ளிக்கிழமையானால் கற்பகாம்பாளுக்கு ஓர் அர்ச்சனை. அடையாறுவாசியானால் காந்தி நகரில் 1982 முதல் இருக்கும் கிராண்ட் ஸ்வீட்ஸில் ஒரு கிலோ. அது எதிர் ஃபிளாட், மேல் மாடி, கீழ் வீட்டு மாமி, செக்யூரிட்டி என்று பங்காகிறது. சித்தப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் போனில் சொல்லியாகிறது. யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்கிறவர் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் ஒருவர்தான். வாரத்துக்கு இரண்டாக இருந்த முழுக்கைச் சட்டை திடீரென்று ஐந்தானால் அந்த வீட்டில் ஒருவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. மறுபடி இரண்டானால் என்ன நடந்தது என்றும் அவருக்குத் தெரியும். ஆக, வேலைக்குச் சேர்பவர் ஒரு நிறுவனத்தோடு மட்டும் ஒப்பந்தம் செய்துகொள்வதில்லை. லட்டு வாங்கிய ஒவ்வொரு வீட்டோடும் கையெழுத்தில்லாத ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டுவிடுகிறது. நிறுவனத்துக்கு நான்கு வரியில் கடிதம் கொடுத்தால் போதும். கீழ் வீட்டு மாமிக்கு அது போதாது.

முதல் ஆட்சேபணை சட்டத்தின் பெயரால் வரும்: நோட்டீஸ் பீரியட் இருக்கிறது, பாண்ட் இருக்கிறது, நினைத்தவுடன் எப்படி விடுவது? சட்டங்களைப் புரட்டினால் அவை புதிதாகச் சேர்ந்தவரைப் பிடித்துவைப்பதில் அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் அனுப்பக் கூடாது என்கிறது. இந்தக் கட்டளை முதலாளிக்கு. பணிக்கொடை விதிகள் பொதுவாக ஐந்து ஆண்டுக் கணக்கில் பேசுவதால், இரண்டாவது வாரத்தில் விலகுகிறவர் அதில் இழப்பது ஒன்றுமில்லை. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்போ, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளப் பாக்கியைக் கொடுத்துவிடச் சொல்கிறது. பாண்ட் விஷயத்தில் 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் சுப்ரீம் கோர்ட், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் அந்த வழக்கின் அதிகாரி 2 லட்சத்தைக் கட்டிவிட்டு வேறொரு வங்கிக்குப் போனவர். அந்தப் பாண்டை எதிர்த்துத்தான் கோர்ட்டுக்கு வந்தார். அதாவது பாண்ட் வாசலில் கட்டணம் வசூலிக்கும், கதவைச் சாத்தாது.

இரண்டாவது ஆட்சேபணை காலை நடைக்குப் பிறகு நாகேஸ்வர ராவ் பூங்கா பெஞ்சுகளில் உருவாவது: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. இதற்கு வரலாறு இடம் தரவில்லை. சுப்பிரமணிய பாரதி மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தது 1904 ஆகஸ்ட்டில். அதே நவம்பரில் அவர் சென்னைக்கு வந்து சுதேசமித்திரனில் சேர்ந்தாயிற்று. ஸ்ரீநிவாச ராமானுஜன் 1912 தொடக்கத்தில் சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் மாதம் 20 ரூபாய்க்கு இருந்தது சில வாரங்களே. மார்ச் 1ஆம் தேதி அவர் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா. இரண்டும் தற்காலிக வேலைதானே, விடுவதில் என்ன சிரமம் என்று கேட்கலாம். நம் முடிபுக்கு வலுவே அதில்தான் இருக்கிறது. தற்காலிக வேலைக்கு யாரும் லட்டு கொடுப்பதில்லை. செய்தி வெளியே போகாததால் திரும்பப் பெற வேண்டியதும் இல்லை. இன்னொரு சான்றும் உண்டு. துறைமுகக் கழக வேலைக்கு ராமானுஜன் 1912 பிப்ரவரி 9 தேதியிட்டு எழுதிய விண்ணப்பத்தில் மெட்ரிகுலேஷன் வருகிறது, எஃப்.ஏ. வரை படித்தது வருகிறது, கணிதத்தில் ஈடுபட்டிருப்பது வருகிறது. இருபது ரூபாய் வேலையைப் பற்றி மூச்சே இல்லை. குறுகிய கால வேலையை பயோடேட்டாவில் காட்டாமல் விடும் கலைக்கு இதைவிடக் கௌரவமான முன்னோடி கிடைப்பது கடினம். 2014க்குப் பிறகு அந்தச் சலுகையும் சுருங்கிவிட்டது. பி.எஃப். கணக்குக்கு யு.ஏ.என். என்ற ஒற்றை எண் வந்தபின், பி.எஃப். பிடித்த வேலையானால் பத்து நாள் உத்தியோகமும் பதிவில் உட்கார்ந்துகொள்கிறது.

மூன்றாவது ஆட்சேபணைதான் கொஞ்சம் கனமானது. 2000இல் டைடல் பார்க் திறந்ததிலிருந்து ஓ.எம்.ஆரில் ஆயிரக்கணக்கானோர் பேப்பர் போடுகிறார்கள். எட்டு மாதத்தில் கம்பெனி மாறுகிறவரை எந்த மாமியும் நிறுத்தி வைத்து விசாரிப்பதில்லையே? காரணம் எளிது. அவர் கையில் அடுத்த ஆஃபர் இருக்கிறது. பழைய செய்தியை அவர் திரும்பப் பெறுவதில்லை, அதன்மேல் பெரிய செய்தியைப் போட்டு மூடுகிறார். இரண்டாவது லட்டு முதல் லட்டுவை ரத்து செய்கிறது. சங்கடமெல்லாம் கையில் ஒன்றும் இல்லாமல் விடுகிறவருக்குத்தான். ஓ.எம்.ஆர். தொடங்கும் இடத்திலேயே மத்திய கைலாஷ் பிள்ளையார் இருக்கிறார். வேலை கிடைத்ததற்கு அவருக்கு நன்றி சொன்னவர், அதே வேலையை விட அவரிடமே அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. வேறு பஸ் ரூட்டில் வேலை தேடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வேலையின் கடுமைதான் ஆட்களை விரட்டுகிறது என்றும் சிலர் வாதிடுவார்கள். தி.நகர் ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடைகளைப் பார்த்தால் அதை மறுக்க முடியாது. தென்மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே நாள் முழுக்க நிற்கும் பிள்ளைகளின் வாழ்க்கையை 2010இல் ‘அங்காடித் தெரு’ படம் காட்டியது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தச் சட்டமன்றத்துக்கு 2021 வரை ஆயிற்று. ஆனால் கடுமை விளக்குவது முதல் தேதியை மட்டுமே. முதல் நாள் இரவே கால் வீங்கி, போதும் என்று முடிவுகட்டிய பையன் தீபாவளி வரை ஏன் நிற்கிறான்? அவனை அழைத்துவந்து சேர்த்துவிட்ட ஊர்க்காரர் இருக்கிறார். ‘பையன் மெட்ராஸில் பெரிய கடையில் இருக்கிறான்’ என்று திருவிழாவில் சொல்லிவிட்ட அம்மா இருக்கிறார். லட்டு இல்லாத இடத்தில் ஊர்க்காரரின் வாக்கு அந்த வேலையைச் செய்கிறது. இங்கே ஒரு வரையறையும் தேவை. அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது என்றால் அவர் நிற்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. அவர் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே இருக்கிறார், அவரை வைத்து வேடிக்கை பேசுவதும் முறையல்ல.

ராஜினாமாவை வேண்டுமானால் திரும்பப் பெற வழி இருக்கிறது. நடைமுறைக்கு வருவதற்குள் அதைத் திரும்பப் பெறலாம் என்று 1978இலேயே ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியின் விஷயத்தில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. செய்தியின் கதை வேறு. 2016 டிசம்பர் 6 அன்று முதலமைச்சராகப் பதவியேற்ற ஓ. பன்னீர்செல்வம் 2017 பிப்ரவரி 5 அன்று ராஜினாமா செய்தார். இரண்டு நாள் கழித்து மெரினாவில், தன்னைக் கட்டாயப்படுத்தி எழுத வைத்தார்கள், தேவைப்பட்டால் திரும்பப் பெறுவேன் என்றார். அதற்குள் ஆளுநர் அதை ஏற்றுக்கொண்டிருந்தார், ஊரும் படித்து முடித்திருந்தது. அவர் குடியிருந்த கிரீன்வேஸ் சாலைக்கே இந்த நிலை என்றால், பக்கத்துத் தெரு ஃபிளாட்வாசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே பரிந்துரை. கர்ப்பத்தை மூன்று மாதம் வரை வெளியே சொல்லாத வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வேலைக்கும் அதையே கடைப்பிடித்து, புரொபேஷன் முடிந்தபின் லட்டு கொடுக்கலாம். இதில் ஒரு குறை இருப்பதை மறைப்பதற்கில்லை. தினமும் எட்டேகாலுக்கு ஒருவர் பையோடு கிளம்பிப் போக, வீட்டில் யாரும் எதுவும் சொல்லாமல் இருந்தால், மாட வீதி தானாகவே ஒரு முடிவுக்கு வரும். அப்படி வரும் முடிவு உண்மையான வேலையைவிடப் பெரிய வேலையாக இருக்கும், சம்பளமும் கூட இருக்கும். பிறகு அதையும் சேர்த்து ராஜினாமா செய்ய வேண்டிவரும். இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தால், செய்தியைச் சொல்லிவிடுவதே மேல். ஒரு கிலோவுக்குப் பதில் கால் கிலோவோடு நிறுத்திக்கொள்வது உசிதம்.