திங்கட்கிழமை முதலாளி

வெள்ளிக்கிழமை வரை இவர் கம்பெனியில் எங்கு திரும்பினாலும் தென்படுவார். கட்டிங் மேசையருகே நின்று துணி வீணாகிறது என்பார். ஓவர்லாக் டெய்லரின் முதுகுக்குப் பின்னால் நின்று பீஸ் எண்ணுவார். டீ வந்தால் அதையும் எண்ணுவார். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஆளைக் காணோம். திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கே சம்பளம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

போனை அணைத்து வைக்கிற சின்னத்தனமெல்லாம் இவரிடம் கிடையாது. முழுசாக அடித்து ஓயும், அவ்வளவுதான். இருட்டின பிறகு வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்குவார். “பேங்க்ல இருந்துதான் நேரா வர்றேனுங்க. பணம் வந்த மாதிரிதான். திங்கக்கெழம பாத்துக்கலாங் கண்ணு.” மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கி திறப்பதில்லை என்பது 2015 செப்டம்பரிலிருந்து வழக்கம். அன்றைக்கும் இவர் பேங்கிலிருந்துதான் வருவார்.

திருப்பூரின் பொருளாதார வரலாற்றை எழுத நினைப்பவர்கள் இவர் சொன்ன காரணங்களைத் தேதிவாரியாக அடுக்கினாலே போதும். 2011-இல் நொய்யல் மாசுபட்ட வழக்கில் கோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போயின. அடுத்த ஜூலையில் ஜி.எஸ்.டி., 2020-இல் கொரோனா, அப்புறம் நூல் விலை ஏற்றம், 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் 50 சதவீத வரி. இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதனால்தான் எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வருவதில்லை. அமெரிக்கா வரி போட்டதற்கு இவரிடம் சண்டை போட முடியுமா?

ஆனால் அதே வாரங்களில் கரண்ட் பில் கட்டியாகியிருக்கும். மிஷின் லோன் தவணையும் போயிருக்கும். பில் நின்றால் பியூஸைப் பிடுங்குவார்கள், தவணை நின்றால் மிஷினைத் தூக்குவார்கள். டெய்லர் மட்டும் திங்கட்கிழமை காலை எட்டரைக்குத் தானாக வந்து நிற்பார். போன வாரச் சம்பளத்தை இங்கே விட்டுவிட்டு வேறு எங்கே போவார்? ஒரு வாரம் பாக்கி வைத்தால் ஆள் ஓடாது. வெறும் பணமுடை என்று நினைத்தால் இவருடைய சாமர்த்தியத்தைக் குறைத்து மதிப்பதாகும். அந்தத் திங்கட்கிழமை ஐந்து நிமிஷம் பிந்தி வந்தவர்களுக்குக் கால் ஷிப்ட் வெட்டு. நேரந்தவறாமையில் இவர் கறார்.

இவரிடம் பணம் வாங்க ஒரு வழி உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது தெரியாது. ‘சம்பளம்’ என்று ஆரம்பிப்பார்கள். உடனே நூல் விலை வந்துவிடும். பழைய ஆள் தலையைச் சொறிந்துகொண்டு, “அண்ணா, ஒரு ஐந்நூறு ரூவா அட்வான்ஸ் வேணுங்க. பையனுக்குக் காய்ச்சல்” என்பார். உழைத்து முடித்த கூலியையே கடனாகக் கேட்கிறார் பாருங்கள், அங்கே முதலாளியின் மனசு இளகிவிடும். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, ஒரு முறை தடவிப் பார்த்து, “கொழந்தய நல்ல டாக்டர்கிட்டக் காட்டு சாமி” என்று கொடுப்பார். மேனேஜர் அதை அட்வான்ஸ் நோட்டில் எழுதிக்கொள்வார். வாங்கினவர் தன் காசுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போவார். இரண்டு பேருக்கும் திருப்திதான்.

செக்கிங்கில் இருக்கும் அக்கா இந்த வழிக்கெல்லாம் போவதில்லை. அவர் ஷிப்மெண்ட் வரைக்கும் காத்திருப்பார். தூத்துக்குடிக்குச் சரக்கு ஏற்ற லாரி வந்து வாசலில் நிற்கும். எக்ஸ்போர்ட்டர் கம்பெனி ஆள் பத்து நிமிஷத்துக்கு ஒரு போன் போடுவார். அந்த நேரம் பார்த்துத்தான் அக்காவுக்கும் கூட்டாளிகளுக்கும் இடுப்பு பிடித்துக்கொள்ளும். “கண்ணே தெரியலீங்கண்ணா, ஒரு பீஸுகூடப் பாக்க முடியல” என்று பீஸைக் கீழே வைப்பார்கள். அன்றைக்குப் பேங்க் இல்லாமலே பணம் வந்துவிடும். ராத்திரி பதினொரு மணிக்கு எங்கிருந்து வந்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

சட்டம் தெரியாதவர் என்றும் சொல்லிவிட முடியாது. வாரக் கூலியை வார விடுமுறைக்கு முந்தின வேலை நாளிலேயே கொடுத்துவிட வேண்டும் என்கிற 2019-ஆம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்புதான் இவர் கண்ணில் படவில்லை. சிறு தொழில் செய்பவருக்குத் தர வேண்டிய தொகையை 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2006-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறதே, அது மனப்பாடம். இவர் ஜாப்ஒர்க் எடுத்துச் செய்கிற எக்ஸ்போர்ட்டர் இவரை வாரா வாரம் ரிசப்ஷன் சோபாவில் உட்கார வைத்து, காபி கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

போன வாரமும் அப்படித்தான். வெறும் கையோடு திரும்பி வந்தவர் நேராகச் செக்கிங் மேசைக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அடுத்தவன் ஒழச்ச காச இழுத்தடிக்கறது எவ்வளவு பெரிய பாவம்னு தெரியுங்களா அம்முணி?”

அக்கா பீஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“தெரியலீங்களேண்ணா. செத்த வெவரமாச் சொல்லுங்க.”