மூலை மனைக் கூட்டணி

மாப்ளே, அந்த பாதாம் தட்டை இப்படித் தள்ளுங்க. தம்பி, நீயும் உக்காரு. சாப்பிட்டு எழுந்ததுலேர்ந்து ரெண்டு பேரும் தொண்டை கிழியக் கத்துறீங்க. அவர் எல்லையை மூடுங்கிறாரு, நீ கதவைத் திறங்கிற. பேத்திதான் வீட்டுலேயே புத்திசாலி, காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு மாடிக்குப் போயிட்டா.

எனக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனா மன்னார்குடி பக்கம் எத்தனையோ வரப்புத் தகராறுக்குத் திண்ணையில உக்காந்தவன் நான். சண்டை போடறவன் என்ன பேசுறான்னு கேக்குறதைவிட, எதைப் பேசாம தாண்டிப் போறான்னு பாத்தா வழக்கு வெளங்கிரும். அதுக்கு எந்த பாஷையும் வேணாம். புத்திமதி சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க. நான் விசிட்டர் விசாவுல வந்தவன். ஆறு மாசம் முடிஞ்சா மூட்டையைக் கட்ட வேண்டிய ஆளு. உங்க ஊர் அரசியல்ல எனக்கு என்ன பாத்தியதை இருக்கு?

மாப்ளே, மரியாதைக்கு உங்ககிட்டேர்ந்தே ஆரம்பிக்கிறேன். கலிபோர்னியாவுல விலைவாசி இப்படி ஏறினதுக்கு வெளியிலேர்ந்து வந்த கூட்டம்தான் காரணம்னீங்க. கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆள் கூடினா வாடகை கூடும், ஆஸ்பத்திரியில கூட்டம் கூடும். ஆனா ஒரு சின்ன சந்தேகம். 2020க்கு அப்புறம் ரெண்டு மூணு வருசம் இந்த மாநிலத்துல ஜனத்தொகை குறைஞ்சுதாமே? டெக்சாஸ், நெவாடான்னு லாரி புடிச்சுக் கிளம்பிட்டாங்களாமே? 2020 கணக்கெடுப்போட உங்க மாநிலத்துக்கு வாஷிங்டன்ல இருந்த 53 சீட்டு 52 ஆச்சு. மாநிலமான நாள்லேர்ந்து ஒரு சீட்டு போனது அதுதான் முதல் தடவையாம். ஆள் குறைஞ்சா வீட்டு விலை இறங்கியிருக்கணுமா இல்லையா? அந்த வருசங்கள்லதான் கண்ணுமண்ணு தெரியாம ஏறியிருக்கு. 2024 ஏப்ரல்ல நடுத்தரமான ஒரு வீட்டு விலை 9 லட்சம் டாலரையே தாண்டிருச்சு. விலை ஏற ஆரம்பிச்சப்ப வட்டி குறைவா இருந்துச்சு, எல்லாரும் வீட்டுலேர்ந்தே வேலை பாத்தாங்க, பெரிய வீடு தேடினாங்கன்னு நீங்க காரணம் சொல்லுவீங்க. சொல்லுங்க, அத்தனையும் சரியாத்தான் இருக்கும். அதுல எங்கயாவது மெக்சிகோக்காரன் வர்றானா?

அவன் வேற இடத்துல வர்றான். போன மாசம் காத்துல உங்க வேலி சாஞ்சுது. ஹோம் டிப்போ வாசல்ல நின்ன ரெண்டு பேரை வண்டியில ஏத்திக்கிட்டு வந்தீங்க. அவங்ககிட்ட காகிதம் இருக்கான்னு கேட்டீங்களா? ஆணி இருக்கான்னுதான் கேட்டீங்க. பொழுது சாயறதுக்குள்ள வேலி நிமுந்துருச்சு, ரொக்கமா எண்ணிக் குடுத்தீங்க. எல்லையில சுவர் கட்டணும்ங்கிறவர் வீட்டு வேலியை யாரு கட்டுறான்னு நான் பாத்துட்டேன். பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு, ரெண்டு பேருக்கும் உப்புப் போட்டு மோர் கலக்கிக் குடுத்தேன். ஒருத்தன் ஒரு வாய் குடிச்சிட்டு மூஞ்சியைச் சுளிச்சான். இன்னொருத்தன் டம்ளரை நீட்டி இன்னும் கேட்டான். அவனுக்கும் எனக்கும் பாஷை இல்ல, ஆனா மாப்ளே, உங்களைவிட அவன் என் மோரை நல்லாக் குடிச்சான்.

எல்லையை மூடுன்னா எந்த எல்லைன்னும் சொல்லணும்ல? 2024 டிசம்பர்ல நம்ம சென்னைப் பையன் ஸ்ரீராம் கிருஷ்ணனை வெள்ளை மாளிகைக்கு ஏ.ஐ. ஆலோசகரா அறிவிச்சப்ப வாட்ஸ்அப்புல எனக்குப் படம் அனுப்பினீங்க. ரெண்டு மூணு நாள்ல உங்க கட்சிக்காரங்களே அவரையும் எச்-1பி விசாவையும் சேத்து வச்சுத் திட்டினாங்க. அதை ஏனோ அனுப்பல. அடுத்த செப்டம்பர்ல, புதுசா எச்-1பி எடுத்து வெளிநாட்டுலேர்ந்து கூப்பிடற ஆளுக்கு 1 லட்சம் டாலர் கட்டணும்னு ஜனாதிபதி கையெழுத்துப் போட்டாரு. அண்ணன் பையன் நெலமை என்னாகும் மாமான்னு எனக்கு போன் பண்ணீங்க. நான் என்னத்தைச் சொல்ல? எல்லையை மூடச் சொன்னீங்க, மூடிட்டாங்க. நம்ம ஆளு வர்ற வழியை மட்டும் திறந்து வைக்கச் சொல்லி நீங்க தனியா எழுதிக் குடுக்கல போலருக்குன்னேன். ரெண்டு நாள் நீங்க போனே எடுக்கல.

சிரிக்காதே தம்பி. உன் பக்கம்தான் வர்றேன்.

கமலா ஹாரிஸோட தாத்தா ஊரு துளசேந்திரபுரம் நமக்குத் தெரியாததா? 2024ல கமலா ஜெயிக்கணும்னு அங்க சாஸ்தா கோயில்ல அர்ச்சனை நடந்தப்ப நீயும் காசு அனுப்பினே. தப்பில்ல. அந்தம்மாவோட அம்மா 1958லயே படிக்க பெர்க்லிக்கு வந்தவங்க, பெருமைப்படலாம். என்ன பண்றது, சாஸ்தாவுக்கு பென்சில்வேனியாவுல ஓட்டு இல்ல. அது கெடக்கட்டும். உன் வாசப்புல்லுல ஒரு பலகை நட்டு வச்சிருக்கியே, எந்த மனுசனும் சட்டவிரோதம் இல்லைன்னு? நல்ல வாசகம், மழையிலகூட சாயம் போகல. உன் வீட்டைப் பெருக்க வியாழக்கிழமை தோறும் ஒரு அம்மா வர்றாங்களே, அவங்க எங்கேர்ந்து வர்றாங்கன்னு கேட்டிருக்கியா? நான் கேட்டேன், பேத்தி மொழிபெயர்த்தா. ட்ரேசியைத் தாண்டி இருக்காங்களாம். அல்டமான்ட் கணவாயைக் கடந்து வரணும், விடியக்காலை நாலரைக்குக் கிளம்பணும், போக ரெண்டு மணி வர ரெண்டு மணி. ஆக, பலகை உன் வாசல்ல, பாய் அந்த ஊர்ல. அவங்க சம்பளத்தை ஏத்திக் கேட்டப்ப இந்த வருசம் கொஞ்சம் டைட்டுன்னியாமே? அன்னைக்கு சாயங்காலமே தொழிலாளர் உரிமைக்கு ஒரு கூட்டம்னு கிளம்பினியே, அதுக்கு பெட்ரோல் போட மட்டும் டைட் இல்லையா?

இன்னொண்ணு. காகிதமில்லாதவங்களைப் புடிச்சு அனுப்பிட்டா ஸ்ட்ராபெரி விலை ஏறிரும்னு மேசையைத் தட்டினே. ஏறும்தான், யாரு இல்லைன்னா? இந்த நாட்டுல விளையற பழத்துலயும் கொட்டையிலயும் முக்காப்பங்கு இந்த மாநிலத்துது. பறிக்கிற கை பெரும்பாலும் மெக்சிகோக் கை, அதுல பாதிக்குக் கிட்டக் காகிதம் இல்லாத கை. ஆனா நீ சொல்ற தர்மத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பாரு. அவன் பயந்துகிட்டே குனிஞ்சு கெடக்கணும், அப்பதான் நாம மலிவாத் திங்கலாம்னுல்ல வருது? மாப்ளே அவனைப் போகச் சொல்றாரு. நீ இருன்னு சொல்ற, குனிஞ்சே இருன்னு சொல்ற.

நம்ம பக்கமும் இப்ப நடவுக்கு வங்காளத்துலேர்ந்தும் பீகார்லேர்ந்தும் ஆளுங்க வர்றாங்க. வடக்கத்தியான் வந்து கூலியைக் கெடுத்துட்டான்னு டீக்கடையில ஒரே பேச்சு. பேசறவன் ஒருத்தன் புள்ளையும் சேத்துல இறங்கல. அப்படி இறங்காத புள்ளைங்க ரெண்டு பேரு இப்ப என் எதிர்க்க உக்காந்து பாதாம் திங்கிறீங்க.

உங்க கட்சிங்களையும் பேத்தி எனக்குக் கொஞ்சம் படிச்சுச் சொன்னா. 1870கள்ல சான் பிரான்சிஸ்கோவுல டெனிஸ் கியர்னின்னு ஒருத்தர் இருந்தாராம். சீனாக்காரன் வந்து கூலியைக் குறைச்சுட்டான், அவனை வெரட்டுன்னு ஊர் ஊராப் பேசினாரு. 1882ல சட்டமே வந்துருச்சு. கியர்னி எந்த ஊருன்னு கேட்டேன். அயர்லாந்துலேர்ந்து கப்பல் ஏறி வந்தவராம்! நான் சிரிச்ச சிரிப்புல பேத்தி பயந்துட்டா. அப்புறம், மாப்ளே, நீங்க கையெடுத்துக் கும்பிடற ரீகன் 1986ல போட்ட கையெழுத்துலதான் ஏறக்குறைய 27 லட்சம் பேருக்குக் காகிதம் கிடைச்சுதாம். தம்பி, நீ கும்பிடற சீசர் சாவேஸ் இருக்காரே, வேலைநிறுத்தத்தை உடைக்கக் காகிதமில்லாத ஆளைக் கொண்டாறாங்கன்னு 1974ல அவரோட சங்கமே குடிவரவு அதிகாரிங்ககிட்ட புகார் குடுத்துதாம். உங்க ரெண்டு பேர் சாமியையும் இடம் மாத்தி வச்சா பூசை இன்னும் பொருத்தமா இருக்கும்.

அது பழங்கதைன்னா 2025க்கே வாங்க. ஜூன்ல லாஸ் ஏஞ்சலஸுக்குப் பட்டாளத்தை அனுப்பின அதே ஜனாதிபதி, விவசாயிங்களும் ஓட்டல்காரங்களும் நல்ல ஆளுங்களை இழந்து தவிக்கிறாங்கன்னு சொன்னாரு. தோட்டத்துல சோதனை நின்னுச்சு. ஒரு வாரம் தாங்கல, திரும்ப ஆரம்பிச்சிருச்சு. கவர்னர் நியூசம் மட்டும் லேசுப்பட்டவரா? காகிதமில்லாத ஏழைங்களுக்கும் எல்லா வயசுலயும் மருத்துவம்னு 2024 ஜனவரியில கதவைத் திறந்தாங்க. 1,200 கோடி டாலர் துண்டு விழுந்ததும், 2026 ஜனவரியிலேர்ந்து பெரியவங்களைப் புதுசா சேத்துக்கிறதில்லைன்னு அவரே கையெழுத்துப் போட்டாரு. மேடையில மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கல்லாப்பெட்டிகிட்ட வந்ததும் ரெண்டு பேரும் தோள் உரச நிக்கிறாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். காலையில நடக்கப் போறப்ப தெரு முனையில மூடிக் கெடக்கிற மேஜை நாற்காலிக் கடையைப் பாப்பேன். வேலியில ஒரு வெள்ளைப் பலகை. அஞ்சு மாடிக் குடியிருப்பு வருதாம், அதுல கொஞ்சம் வீடு குறைஞ்ச வருமானக்காரங்களுக்காம். அட, அந்த வியாழக்கிழமை அம்மா இங்கயே இருந்துக்கலாமேன்னு சந்தோசமா வீட்டுக்கு வந்தா, ஃப்ரிட்ஜ் கதவுல காந்தம் வச்சு ஒரு மனு தொங்குது. குடியிருப்பு வேண்டாம்னு. அடியில கையெழுத்து. இங்கிலீஷ் படிக்கத் தெரியாட்டியும் எம் புள்ள கையெழுத்து எனக்குத் தெரியாதா? அதுக்கு நேர் கீழே, அதே நீலப் பேனாவுல, மாப்ளே கையெழுத்து!

காரணம் மட்டும் வேற வேற. மாப்ளே, வீட்டு மதிப்பு விழும், திருட்டு வரும்னு எழுதியிருக்கீங்க. தம்பி, நீ சுற்றுச்சூழல்னு எழுதியிருக்க. ஒரு ஓக் மரத்து மேல மத்தியானம் நிழல் விழுமாம். மரத்துக்கு நிழல் ஆகாதுன்னு நான் கேள்விப்பட்டது இங்கதான்.

சும்மா சொல்லக்கூடாது, உங்களுக்குச் சட்டமும் துணை நிக்குது. 1970ல அதே ரீகன் கவர்னரா இருந்தப்பக் கையெழுத்துப் போட்டது அந்தச் சுற்றுச்சூழல் சட்டம். ஆத்தையும் காட்டையும் காப்பாத்தக் கொண்டாந்தது, அடுத்த மனையில வீடு வராம காப்பாத்தறதுக்கும் நல்லாவே ஒத்தாசை பண்ணுது. 2023ல பெர்க்லியில பல்கலைக்கழகம் பசங்களுக்கு விடுதி கட்டப் போச்சு. பசங்க போடப்போற சத்தத்தையும் சுற்றுச்சூழல் கேடா ஆராயணும்னு கோர்ட்டே சொல்லிருச்சு! சிரிப்பாச் சிரிச்சதும் சட்டசபை அவசரமா அதை மாத்துச்சு. 2025ல நகரத்துக்குள்ள கட்டுற வீடுங்க பலதுக்கு அந்தச் சட்டத்துலேர்ந்து விலக்கும் குடுத்துட்டாங்க. அதான் இவ்வளவு வேகமா கையெழுத்து வேட்டை.

அதோட 1978ல ஜனங்களே ஓட்டுப்போட்டுக் கொண்டாந்த 13ஆம் நம்பர் சட்டம். வாங்கின விலையில நூத்துக்கு ஒண்ணுதான் வரி. வருசத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல மதிப்பை ஏத்தக்கூடாது, வித்தாதான் புது மதிப்பு. ரோசாச்செடி வச்சிருக்காரே எதிர்வீட்டுத் தாத்தா, எழுபதுகள்ல வாங்கினவரு. உங்க வரியில ஒரு துணுக்குதான் கட்டுவாரு. அவரைப் பாத்து வந்த புதுசுல நீங்க ரெண்டு பேரும் வயிறெரிஞ்சீங்க. இப்ப விலை ஏற ஏற உங்களுக்கும் அதே சுகம் கண்டுபோச்சு. பக்கத்துல வீடே வராட்டி இன்னும் சுகம். குறை சொல்லல, எனக்கு மனை இருந்தா நானும் இதைத்தான் பண்ணியிருப்பேன். என்ன, அப்புறம் விலைவாசிக்காக நடுக்கூடத்துல உக்காந்து அழமாட்டேன்.

என் யோசனையைக் கேட்டா, சண்டையை நிறுத்திராதீங்க. இன்னும் சத்தமாப் போடுங்க. யாரு வந்தான், யாரு போகணும்னு நீங்க கத்துற வரைக்கும் எவனும் மூலை மனையைத் திரும்பிப் பாக்க மாட்டான். குடியரசுக் கட்சிக்கு ஒரு வருசம், ஜனநாயகக் கட்சிக்கு ஒரு வருசம்னு முறைவச்சுத் திட்டிக்குங்க. இடையில பேத்தி வளந்துருவா. வேலைக்குப் போய் பத்து வருசம் சேத்தாலும் இந்தத் தெருவுல ஒரு கார் நிறுத்தற இடம்கூட வாங்க மாட்டா. டெக்சாஸுக்குக் கிளம்புவா. கலிபோர்னியாக்காரங்க வந்துதான் எங்க ஊர்ல வீட்டு விலையெல்லாம் ஏறிப்போச்சுன்னு அங்க உள்ளவன் அவளைத் திட்டுவான். நீங்க ரெண்டு பேரும் போன்ல அவளுக்கு ஆறுதல் சொல்லுங்க, ஆளுக்கு ஒரு கட்சி சார்பா.

அந்த மனு மேல நாளைக்குச் சாயங்காலம் நகரமன்றத்துல கூட்டமாமே? பொதுஜனம் யாரு வேணாலும் எழுந்து பேசலாம்னு பேத்தி சொன்னா. விசாக்காரன் பேசலாமான்னும் அவளே பாத்துட்டா, தடை இல்லையாம். என் பேரைக் குடுக்கச் சொல்லிட்டேன். அந்த வியாழக்கிழமை அம்மாவையும் கூப்பிட்டேன், வேலை முடிஞ்சா வர்றேன்னாங்க. ரெண்டு நிமிசம்தான் தருவாங்களாம். எனக்கு வெத்தலை மடிக்கவே அது பத்தாது, இருந்தாலும் சமாளிச்சுக்குவேன். நான் தமிழ்ல பேசினா மன்றத்துக்கு இங்கிலீஷ்ல சொல்ல ஒரு ஆள் வேணும். பேத்திக்குப் பரீட்சை இருக்கு.

உங்க ரெண்டு பேர்ல யாரு வர்றீங்க?