விரல்ரேகை விழாமை: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

நியாய விலைக் கடையில் பில் போடும் பிஓஎஸ் இயந்திரம், தன்மேல் வைக்கப்பட்ட விரலை அதற்குரியவரின் விரல்தான் என்று ஒப்புக்கொள்ள மறுப்பது விரல்ரேகை விழாமை ஆகும். இதனால் வலியோ காய்ச்சலோ உண்டாவதில்லை. மாதத்துக்கு ஒருமுறை, வரிசையின் தலைமாட்டில் நிற்பவரை மட்டும் தாக்கும். பின்னால் நிற்பவர்களுக்கு எரிச்சலாகப் பரவும். பாதிக்கப்பட்டவர் வீடு திரும்பியதும் தானாகக் குணமாகிவிடுவார், பை மட்டும் காலியாக இருக்கும். இதை ஆராய்வதற்குச் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியைவிட வாய்ப்பான நிலம் அமைவது கடினம். காரணம் இந்த ஊர்களின் தொழில்களில் இருக்கிறது.

ரேகையை வைத்து ஆளைப் பிடிக்கும் வழக்கம் பழையது. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலை போடுவதற்குச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் கையில் மை தடவி, ஒப்பந்தத் தாளின் முதுகில் பதித்து வாங்கிக்கொண்டார். நாளைக்கு "இது என் கையெழுத்தே இல்லை" என்று அவர் சாதித்துவிடக் கூடாது என்பதே நோக்கம். ஆக, ரேகை இந்த நாட்டில் அரசு வேலைக்குள் நுழைந்ததே சந்தேகத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான். 1897இல் கல்கத்தாவில் ரேகைக்கென்றே ஓர் அலுவலகம் ஏற்பட்டது. அங்கே இருந்த அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இருவர்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டு ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியவர்கள். முறைக்கு மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர் வைக்கப்பட்டது. உழைத்தவரின் ரேகை பதிவேட்டில் விழாமல் போனதற்கு நம்மிடம் உள்ள பழைய சான்றுகளில் இது ஒன்று.

ரேகையை வைத்து ஆளைப் பிடிப்பதில் தமிழகத்தில் இதற்கு இணையான ஏற்பாடு வைத்தீஸ்வரன்கோயிலில் நடக்கிறது. ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது என்று பெருவிரல் ரேகையை வாங்கி, அதற்குரிய நாடி ஜோதிடச் சுவடியைத் தேடி எடுத்து வருகிறார்கள். அங்கே போனவர் எவரும் ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டதாகச் செய்தி இல்லை. அந்த முறையின் நம்பகத்தன்மை பற்றி இக்கட்டுரைக்குக் கருத்து எதுவும் கிடையாது. வாடிக்கையாளர் சேவை பற்றி உண்டு.

குடும்ப அட்டைக்கு வருவோம். 2017 ஏப்ரலில் தாள் அட்டை போய் ஸ்மார்ட் அட்டை வந்தது. அட்டையை ஸ்கேன் செய்தால் பொருள் வந்தது. பேரனிடமோ பக்கத்து வீட்டுப் பெண்ணிடமோ அட்டையைக் கொடுத்தனுப்பினால் போதும். 2020 அக்டோபர் 1 அன்று 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டம் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தபோது விரலும் உடன் வந்தது. கொரோனா காலம் அது. ஊரே ஒரு கண்ணாடியில் விரல் வைக்க வேண்டியிருந்ததால் பக்கத்திலேயே சானிடைசர் புட்டியையும் வைத்தார்கள். சானிடைசரில் உள்ள ஆல்கஹால் தோலின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் வற்றிய விரல் இயந்திரத்துக்குப் புலப்படாது. நோயையும் அதன் விதையையும் ஒரே மேசையில் வைத்துத் தொடங்கப்பட்ட திட்டம் என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.

ஈரம் ஏன் வேண்டும்? விரல் நுனித் தோல் வரப்பும் வாய்க்காலுமாக அமைந்தது. வரப்பின்மேல் வரிசையாக வியர்வைத் துளைகள் இருக்கின்றன. பெரும்பாலான இயந்திரங்களில் கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரிகிறது. வரப்பு கண்ணாடியில் ஒட்டும் இடத்தில் ஒளி திரும்பும் விதம் மாறுகிறது; ஒட்டாத வாய்க்காலில் மாறுவதில்லை. இந்த வேறுபாடுதான் படமாகிறது. வரப்பு தேய்ந்திருந்தாலும் காய்ந்திருந்தாலும் வெடித்திருந்தாலும் எல்லாம் ஒரே பொட்டலாகத் தெரியும். ரேகையின் அமைப்பு தாயின் வயிற்றிலேயே உறுதியாகிவிடுகிறது, ஆழமான காயம் பட்டாலொழிய மாறாது என்று பாடநூல்கள் சொல்வது சரியே. ஆனால் அடியில் அழியாமல் இருப்பது அடியிலேயே இருக்கிறது. இயந்திரம் பார்ப்பது மேல்தோலை. மேல்தோலைக் கவனித்துக்கொள்வது தொழில்.

இளம்பிள்ளையிலும் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறியில் ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றும்போது, பழைய இழையின் நுனியோடு புதிய இழையின் நுனியைச் சேர்த்துப் பிணைக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இரண்டு நுனிகளையும் வைத்து ஒரு முறுக்கு. ஒரு சேலைப் பாவில் இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்; ஒவ்வொன்றுக்கும் ஒரு முறுக்கு. சாம்பலும் நூலும் சேர்ந்து உரசுவதை மெல்லிய உப்புத்தாள் என்றே சொல்லலாம். இப்படி வருடக்கணக்கில் பிணைத்த பெருவிரலைத் தடவிப் பார்த்தால் கண்ணாடிக் கோலி போல வழவழவென்று இருக்கும். கண்ணாடியும் கண்ணாடியும் சந்திக்கும் இடத்தில் படம் விழ வழியில்லை.

மற்றத் தொழில்களின் பங்கும் குறைவில்லை. சேலம் சிவதாபுரம், பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசு செய்பவர்களுக்கு நெருப்பும் ஆசிடும் அன்றாடம். ஆத்தூர், இராசிபுரம் பகுதிச் சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கும் தண்ணீருமாக விரல் நாளெல்லாம் ஊறுகிறது. கட்டட வேலையில் சிமெண்டின் காரம் தோலைத் தின்கிறது. நாமக்கல் லாரிப் பட்டறைகளில் பாடி கட்டுபவர்களுக்குக் கிரைண்டரும் வெல்டிங்கும். பாத்திரம் தேய்ப்பதைத் தொழிலாகக் கணக்கில் எடுக்கும் வழக்கம் இல்லாததால் அது பட்டியலில் சேர்க்கப்படவில்லை. சேர்த்தால் பட்டியல் வரிசையைவிட நீளும்.

இவற்றிலிருந்து பெறப்படும் விதி எளியது: ஒருவர் கையால் எவ்வளவு உழைக்கிறாரோ அவ்வளவு அவர் அவராக இல்லாமல் போகிறார். மறுதலையும் உண்மை. காலை முதல் இரவு வரை ரீல்ஸ் தள்ளுவதைத் தவிர வேறு வேலை பார்க்காத பெருவிரல், பத்துக்குப் பத்து வாங்கும். வழவழப்பான திரையில் தள்ளுவதால் ரேகை தேய்வதில்லை. இலவச அரிசிக்குத் தன்னை நிரூபிப்பதில் மிகத் திறமையானவர், அந்த அரிசி சற்றும் தேவைப்படாதவராக இருப்பது இந்த ஏற்பாட்டின் விநோதங்களில் ஒன்று.

விழாமைக்கு மக்கள் கண்டறிந்த மருத்துவம் தனி இயல். விரலை வாயருகே கொண்டுபோய் ஊதுவது முதல் படி. சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைப்பது அடுத்தது. ஈரத்துணி கேட்டு வாங்கித் தொடுவது மூன்றாவது. இவற்றில் அறிவியலுக்கு மிக நெருக்கமானது, விரலைத் தலைமுடியில் நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டு வைப்பது. உள்ளங்கைத் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது, தலையில் ஏராளம். விரல் தனக்கில்லாததைத் தலையிடம் கடன் வாங்குகிறது. எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத இந்தச் சிகிச்சையை வரிசையில் நிற்கும் கிழவிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக்கொள்கிறார்கள். அப்போது நடக்கும் உரையாடலும் எல்லாக் கடைகளிலும் ஏறத்தாழ ஒன்றே.

"ஆயா, நல்லா அமுத்தி வையுங்க."

"வெச்சுத்தான் கண்ணு இருக்கறன்."

"அசைக்காதீங்க. அடுத்த வெரலு... அந்தக் கை... ஊட்ல வேற ஆரும் இல்லீங்களா?"

கடைசிக் கேள்விதான் சிக்கலானது. வீட்டில் வேறு ஆள் உண்டு. மகன் லாரியில் நாக்பூர் தாண்டிக்கொண்டிருப்பான், மருமகள் தறிக்குப் போயிருப்பாள், பேத்தி பள்ளிக்கூடத்தில். அட்டையில் உள்ள யாருடைய விரலும் செல்லும் என்பது சலுகைதான். ஆனால் வேலைநாளில் வீட்டில் இருக்கும் ஒரே விரல் தேய்ந்துபோன விரல். ஒருவழியாகப் பில் போட்டுவிட்டால், சர்க்கரையும் பாமாயிலும் வாங்கியாயிற்று என்ற குறுஞ்செய்தி நாக்பூர் தாண்டிய மகனுக்குப் போய்ச்சேரும்.

விழாமையையும் சர்வர் கோளாற்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆதார் ஆணையத்தின் தரவு மையங்கள் பெங்களூருவிலும் ஹரியானாவின் மானேசரிலும் இருக்கின்றன. விரல் இருப்பது வெண்ணந்தூரில், அதன் பிரதி இருப்பது அங்கே. இரண்டும் சந்தித்துப் பேசி முடிவு திரும்பி வர வேண்டும். டவர் இல்லையென்றால் சந்திப்பு நடக்காது. சர்வர் கோளாறு என்றால் வரிசை முழுவதும் ஒற்றுமையாகத் திட்டும். விழாமை என்றால் வரிசை ஆயாவைத் திட்டும். இரண்டையும் பிரித்தறிய இதைவிடத் துல்லியமான சோதனை தேவையில்லை.

கைபேசியோடு ஒப்பிட்டால் மற்றொரு வேறுபாடு தெரியும். கைபேசியும் விரலை மறுக்கும். ஆனால் நாலைந்து முறை மறுத்துவிட்டு, சரி, பின் எண்ணைச் சொல் என்று கேட்டுத் திறந்துவிடும். விலை கொடுத்து வாங்கியவரை வெளியே நிறுத்தினால் வியாபாரம் நடக்காது என்று கம்பெனிக்குத் தெரியும். நியாய விலைக் கடைக்குப் போட்டிக் கடை இல்லை.

இயந்திரத்தின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். போலி அட்டை ஒழிய வேண்டும், பொருள் உரியவருக்குப் போக வேண்டும் என்பதே அரசின் வாதம். 2018 செப்டம்பர் 26இல் ஆதார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மானியங்களுக்கு ஆதார் கேட்பது செல்லும் என்றது. அடையாளம் காண்பதில் துல்லியம் 99.76 சதவீதம் என்ற கணக்கு அப்போது பேசப்பட்டது. மிச்சம் கால் சதவீதத்துக்கும் குறைவு; காதில் விழும்போது ஒன்றுமில்லாதது. தமிழகத்தில் குடும்ப அட்டைகள் ஏறத்தாழ 2 கோடியே 20 இலட்சம். அட்டைக்கு ஒரு விரல் என்று வைத்து அந்த மிச்சத்தால் பெருக்கினால் 50 ஆயிரத்தைத் தாண்டுகிறது. மிச்சம் எல்லா ஊருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதும் இல்லை. தறியும் சேகோவும் உள்ள ஊரில் குவியும்.

திருட்டைப் பொறுத்தவரை, ரேஷன் அரிசி கடத்தல் மூட்டைக் கணக்கில், வேன் கணக்கில் நடப்பது. அதைப் பிடிக்கக் காவல் துறையில் தனிப் பிரிவே இருக்கிறது. பிடிபடும் அரிசி கோழித் தீவனத்துக்குப் போகவிருந்தது என்ற செய்திகளும் அவ்வப்போது வரும். கோழியிடம் இதுவரை யாரும் ரேகை கேட்டதில்லை.

அரசும் சும்மா இருக்கவில்லை. ரேகை விழாதவர்களுக்கென்று கருவிழி பார்க்கும் கருவி கடைகளுக்கு வந்தது. விரல் தேய்ந்த வயதில் கண்ணில் புரை விழுந்திருக்கும் என்பதால், அது எல்லோருக்கும் கை கொடுக்கவில்லை. கண்ணை அகலத் திறந்து இமைக்காமல் வைத்திருப்பதும் எழுபது வயதில் எளிதன்று. கடைக்கு வர முடியாதவர்கள் விண்ணப்பம் கொடுத்து, தங்களுக்குப் பதில் வேறொருவரை நியமித்துக்கொள்ள வழி உண்டு. உபயோகமான ஏற்பாடு, தெரிந்தவர்கள்தான் குறைவு. 2024இல் அட்டையில் உள்ள அத்தனை பேரும் வந்து ரேகை வைத்து இகேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பை முடிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டதில், வெளியூர் விரல்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறின. 2025 ஆகஸ்ட் 12இல் தொடங்கிய தாயுமானவர் திட்டம் இவை எல்லாவற்றையும்விடப் புத்தியுள்ளது: முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோவது. வண்டியில் அரிசி, சர்க்கரை, தராசு ஆகியவற்றோடு பிஓஎஸ் இயந்திரமும் வருகிறது. விழாமை இனி வீட்டுத் திண்ணையிலேயே நிகழலாம், வெயிலில் நிற்க வேண்டியதில்லை.

பருவகாலத்தைப் பற்றியும் கூற வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் விரல் தானே வியர்ப்பதால் விழாமை குறைவு. மார்கழியில் காலைப் பனியும் வறண்ட காற்றும் தோலை வெடிக்கச் செய்யும். கொல்லிமலைப் பக்கமிருந்து இறங்கும் குளிர் நாமக்கல் வட்டாரத்துப் பாத வெடிப்பையும் விரல் வெடிப்பையும் ஒருசேரக் கவனித்துக்கொள்ளும். பொங்கல் பரிசுத் தொகுப்பு வழங்கப்படுவதும் இதே பருவத்தில்தான். ஆண்டிலேயே கூட்டம் அதிகமான நாள்களும் விரல் மிக மோசமான நாள்களும் ஒன்றாக அமைவதால், ரேகை விழாவிட்டாலும் பதிவேட்டில் கையொப்பம் பெற்றுக்கொண்டு பொருளைக் கொடுக்கும்படி மேலிடத்திலிருந்து சொல்லிவிடுவதுண்டு. கையொப்பம் போடத் தெரியாதவர் மைப்பெட்டியில் இடது கைப் பெருவிரலை ஒற்றிப் பதிவேட்டில் வைக்கிறார். அதை எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் இல்லாததால் அது முதல் தடவையிலேயே விழுந்துவிடுகிறது.