தெருவிலிருந்து தெரிவன: அமெரிக்க வீட்டுச் சங்கச் செய்திகள் பற்றி ஓர் ஆய்வு

அமெரிக்கப் புறநகர்களில் வீட்டு உரிமையாளர் சங்கம் என்றொரு அமைப்பு உண்டு. அங்குள்ள தமிழர் வாயில் அது 'எச்.ஓ.ஏ.' வீடு வாங்குகிறவர், கையெழுத்துப் போடும் காகிதக் கட்டுக்கு நடுவே, தானாகவே அதன் உறுப்பினர் ஆகிவிடுகிறார். விலக வேண்டுமென்றால் வீட்டை விற்க வேண்டும். 1970இல் சுமார் 10,000 சங்கங்கள் இருந்தன. அடுக்குமாடிகளையும் சேர்த்து எண்ணினால் இன்று மூன்றரை லட்சத்துக்கு மேல். அவற்றின் ஆளுகையில் ஏழு கோடிக்கும் அதிகமான மக்கள். 2011 கணக்கெடுப்பின்படி பார்த்தால் ஒரு முழுத் தமிழ்நாடு. இத்தனை பேரின் அன்றாடச் செய்தி என்ன என்பதை அறிவுலகம் உரிய மரியாதையுடன் ஆராயவில்லை. எவான் மெக்கன்சி 1994இல் 'பிரிவடோபியா' என்ற நூலில் இதன் அரசியலைப் பார்த்தார். குப்பைத் தொட்டியின் பக்கம் புலவர் எவரும் வந்தபாடில்லை. அக்குறை தீரவே இக்கட்டுரை.

சான்றுகள் மூவகை: மாதந்தோறும் வரும் செய்திமடல், மீறலைச் சுட்டும் கடிதம் ('லெட்டர் வந்துருச்சு' என்று சொல்லப்படுவது), ஆண்டுக் கூட்டத்தின் குறிப்பு. மூன்றையும் ஒருசேர வைத்துக் கற்றால் அடியில் ஒரே நூற்பா ஓடுவது புலப்படும்: தெருவில் நின்று பார்க்கையில் கண்ணில் படுவது எதுவோ, அது சங்கத்துக்கு உரியது. மற்றதெல்லாம் உரை. நம் இலக்கணிகள் அகம், புறம் என்று பகுத்ததை அமெரிக்கர் பேக்யார்டு, முன்பக்கம் என்று பகுத்திருக்கிறார்கள்.

நூற்பாவின் தோற்றம் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில். அங்கிருந்த தோட்டத்தைத் தோட்டமாகவே வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு டல்க் என்பவர் விற்றார். கைமாறிக் கைமாறி அது மாக்ஸே என்பவரிடம் வந்தது. அவர் கட்டடம் எழுப்ப நினைத்தார். நிபந்தனை தெரிந்தே வாங்கியவரை அது கட்டுப்படுத்தும் என்று 1848இல் தீர்ப்பாயிற்று. இன்று டெக்சாஸில் ஒருவர் கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்பதற்குக் கொள்ளுத்தாத்தா அந்தத் தீர்ப்பு. 1947இல் நியூயார்க்கை அடுத்து எழுந்த லெவிட்டவுனில் விதிகள் மேலும் கூர்மை பெற்றன. வாரம் ஒருமுறை புல் வெட்ட வேண்டும். வேலி கூடாது. துணியை மடக்கு கொடியில்தான் உலர்த்த வேண்டும். சனி, ஞாயிறில் அதுவும் ஆகாது. புல் வெட்டாதவர் வீட்டுக்கு ஊரைக் கட்டிய நிறுவனமே ஆள் அனுப்பி வெட்டியது, பிறகு பில்லும் அனுப்பியது.

அந்த விதிகளோடு, வெள்ளையர் அல்லாதார் அங்கே குடியிருக்கலாகாது என்பதும் எழுதப்பட்டிருந்தது. இதைச் சிரித்துக் கடக்க முடியாது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்று ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் சொன்னது. நாட்டின் பல பகுதிகளில் பழைய பத்திரங்களைப் புரட்டினால் உயிரற்ற அந்த வரிகள் இன்றும் கண்ணில் படும். கண்ணுக்கு ஒவ்வாதது எது என்று முடிவுசெய்யும் அதிகாரம் எங்கே தொடங்கியது என்பதற்கு அவை சாட்சி.

இனி குப்பைத் தொட்டி. தொட்டி இருக்கலாம், வாசலில் நிற்பதுதான் பிழை. எத்தனை மணி நேரம் நின்றால் பிழை என்பதில் உரையாசிரியர்கள் நெடுங்காலம் மாறுபட்டனர். ஃபுளோரிடா சட்டமன்றம் 2024இல் தலையிட்டு, குப்பை எடுக்கும் நாளுக்கு முன்னும் பின்னும் 24 மணி நேரத்துக்குள் தொட்டி வெளியே இருந்தால் தண்டம் போடக்கூடாது என்று வரையறுத்தது. பண்டிகை விளக்குகளைக் காலம் கடந்தும் கழற்றாதவருக்கு அதே சட்டம் அறிவிப்பும் ஒரு வார அவகாசமும் தந்தது. ஒரு மாநிலத்தின் ஆளுநர் கையெழுத்திட்டுத் தீர்க்க வேண்டிய விவகாரம் இது என்பதைக் கண்டாவது இத்துறையை எள்ளுவோர் அடங்குவாராக.

துணி உலர்த்தும் கொடியும் இப்படிச் சட்டமன்றம் ஏறியதுதான். புதுப்பிக்கத்தக்க வளங்களைச் சார்ந்த ஆற்றல் கருவி என்ற பெரும்பெயர் சூட்டி ஃபுளோரிடா அதைக் காத்தது. கலிஃபோர்னியா 2015இல் காத்தது, அதுவும் பேக்யார்டில் மட்டும். தேசியக் கொடிக்கு நாடாளுமன்றமே 2006இல் சட்டம் ஒன்றை இயற்றியது. எனினும் இடத்தையும் முறையையும் நியாயமாக வரையறுக்கும் உரிமை சங்கத்திடம் தங்கிவிட்டது. ஆகவே 2009இல், இரண்டாம் உலகப் போரில் நாட்டின் தலையாய வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் பெற்ற வான் பார்ஃபுட் தம் 90ஆம் வயதில் வர்ஜீனியாவில் 21 அடிக் கம்பம் நட்டபோது, கம்பத்தை எடு என்று கடிதம் வந்தது. கொடி தவறில்லை, நட்ட கம்பம்தான் தவறு என்பது சங்கத்தின் உரை. நுட்பமான உரைதான், ஆனால் வெள்ளை மாளிகை வரை செய்தி போனதும் சங்கம் பின்வாங்கிவிட்டது.

வாகனவியலுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். இன்று தமிழர் நிறைய வாழும் டெக்சாஸின் ஃப்ரிஸ்கோ நகரில், 2008இல் ஒருவர் தம் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக்கை வீட்டு டிரைவ்வேயில் நிறுத்தியதற்காகச் சங்கம் தண்டம் விதித்தது. பிக்கப் கூடாது என்றால் விஷயம் முடிந்தது. ஆனால் லிங்கன் மார்க் எல்டி என்ற பிக்கப் நிற்கலாம் என்று விலக்குப் பட்டியல் சொன்னது. இரண்டையும் செய்தது ஒரே கம்பெனி. அடிச்சட்டம் ஒன்று, உடற்கூடு ஏறக்குறைய ஒன்று. வேறுபாடு முன்முகப்பின் குரோமிலும் விலையிலும். பொருள் ஒன்றாயினும் அணி வேறாயின் செய்யுள் வேறு என்று கொண்டார்கள் போலும்.

புல்லுக்காகச் சிறை சென்றவரும் உண்டு. அதே 2008இல் ஃபுளோரிடாவில் 66 வயதுக்காரர் ஒருவர், காய்ந்த புல்தரையை மாற்றும்படி வந்த உத்தரவை நிறைவேற்றாததால் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை வைக்கப்பட்டார். அக்கம்பக்கத்தார் கூடி வந்து புதுப் புல் பதித்துக் கொடுத்தபின் வெளியே வந்தார். கடிதமும் அண்டை வீட்டார் எழுதியது, புல்லும் அண்டை வீட்டார் பதித்தது. இவ்விரு அண்டையாரும் ஒருவரேயா என்பது தனி ஆய்வுக்குரியது.

நூற்பாவுக்குப் புறனடைகளும் உண்டு. கராஜ் கதவு மூடியிருக்க வேண்டும் என்பதே எங்கும் வழங்கும் பாடம். கலிஃபோர்னியாவின் ஆபர்ன் நகரில் மட்டும் 2018இல் பாடபேதம் ஒன்று தோன்றியது: வார நாட்களில் காலை 8 முதல் மாலை 4 வரை கதவு திறந்தே கிடக்க வேண்டும், தவறினால் 200 டாலர். யாரோ ஒருவரைக் கராஜில் குடிவைத்திருந்தது தெரிந்துபோனதன் விளைவு. உள்ளே இருப்பதைத் திருடர் பார்த்துவிட்டுப் போவார்களே என்று உறுப்பினர்கள் கேட்டது இயல்பு.

அகத்துக்குள்ளேயே நூற்பா நுழைந்த வழக்கு அதே மாநிலத்தின் கல்வர் சிட்டியில் நடந்தது. 530 வீடுகள் கொண்ட குடியிருப்பில் நார்ஸ்டெட் என்ற பெண்மணி மூன்று பூனைகளை வளர்த்தார். வெளியே விடவில்லை, சத்தமில்லை என்றார். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1994இல், பூனை கூடாது என்று பத்திரத்தில் பதிவான விதி நியாயமானதென்றே கொள்ளப்படும் என்று சங்கத்தின் பக்கம் நின்றது. நீதிபதி அரேபியன் மட்டும் பூனைகளுக்கு ஆதரவாக மனம் உருகி மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். பின்னர் சட்டமன்றம், 2001 முதல் எழுதப்படும் அல்லது திருத்தப்படும் விதிகள் ஒரு செல்லப்பிராணியையாவது அனுமதிக்க வேண்டும் என்றது. மூன்றில் ஒன்று பிழைத்தது.

வாசற்படி அகமா புறமா என்பது தீராத ஐயம். வீட்டு நிலைக்காலில் சமயச் சின்னம் வைப்பதை டெக்சாஸ் 2011இல் பாதுகாத்தது. ஆனால் மொத்தம் 25 சதுர அங்குலத்தைத் தாண்டினால் சங்கம் தடுக்கலாம் என்றது. யூதர்களின் மெசூசா அதில் அடங்கும். இரண்டு மூன்று மாவிலையிலேயே நம் தோரணம் அளவைத் தொட்டுவிடும். 2021இல்தான் அந்த அளவுக் கட்டுப்பாடு நீங்கியது.

நாய்க் கழிவு பற்றிச் செய்திமடல்கள் சளைக்காமல் எழுதுகின்றன. இங்கே பொருள் தெருவில் தெரிகிறது, செய்தவர் தெரிவதில்லை. ஆகவே அறிவியலின் துணை நாடப்பட்டது. டென்னசியின் நாக்ஸ்வில்லில் உள்ள பயோபெட் என்ற ஆய்வகம், நாயின் கன்னத்துள் பஞ்சு தடவி மரபணுவைப் பதிந்துகொண்டு, தெருவில் கிடைத்த மாதிரியோடு ஒப்பிட்டுச் சொல்கிறது.

எஞ்சியது ஆண்டுக் கூட்டம். இங்கு முறை காப்பது பெரும்பாலும் ஹென்றி ராபர்ட் 1876இல் வெளியிட்ட கூட்ட விதிநூல். அவர் ராணுவப் பொறியாளர். தலைமை தாங்கிய தேவாலயக் கூட்டமொன்று கட்டுக்கடங்காமல் போனதால் அதை எழுதத் தொடங்கினார். கட்டுக்கடங்காத கூட்டத்துக்கு அவரிடம் மருந்து உண்டு, யாரும் வராத கூட்டத்துக்கு இல்லை. வேலியின் உயரம் பற்றி மூன்று பக்கம் மின்னஞ்சல் எழுதுகிறவர்கூட அன்று மாலை வேறு வேலை வைத்துக்கொள்வார். குறைவெண் வரம்பு எட்டாமல் கூட்டம் ஒத்திவைக்கப்படும்.

இந்த வெற்றிடத்தை லாஸ் வேகாஸில் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் கண்டுகொண்டார். 2003 முதல் 2009 வரை அவருடைய கூட்டம் பினாமிகள் பேரில் வீடுகளில் பங்கு வாங்கி, சங்கத் தேர்தல்களில் நின்று, நிர்வாகக் குழுக்களைப் பிடித்து, பழுதுபார்ப்பு ஒப்பந்தங்களைத் தம் பக்கம் திருப்பப் பார்த்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் ஆயினர்; தலைவருக்கு 2015இல் 15 ஆண்டுக்கு மேல் சிறை. வெளியூர் உரிமையாளர்கள் பேரில் கள்ள வாக்குச்சீட்டு நிரப்பி, சந்தேகம் வராதிருக்க கலிஃபோர்னியா வரை போய்த் தபாலில் சேர்த்திருக்கிறார்கள். வராதவர்களின் வாக்கு இத்தனை சிரத்தையாகப் பதிவான சங்கத் தேர்தல் வேறெதுவும் இந்த ஆய்வுக்கு அகப்படவில்லை.