அருஞ்சொல் உச்சரிப்பில் காரைக்குடி நெறி

அகராதிக்குள் மட்டுமே மூச்சுவிடும் ஆங்கில அருஞ்சொற்களை எப்படி உச்சரிப்பது என்ற வழக்கில் இதுவரை லண்டன் சொன்னதே தீர்ப்பு. காரைக்குடியை யாரும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் துணிபு. 'கரண்டம்' என்றொரு சொல்: அலுமினிய ஆக்சைடுக் கனிமம், மோஸ் அளவையில் கடினம் 9, அதற்கு மேல் வைரம்தான், மாணிக்கமும் நீலமும் இதன் வகைகள். நம் குருந்தக்கல்தான் அது என்று ஆங்கில அகராதிகளே ஒப்புகின்றன. மிளகுத்தண்ணி 'மலிகடானி' ஆகிச் சூப்புக் கோப்பையில் கிடக்கிறது; நல்ல ரசம் குடித்தவர்களுக்கு அடையாளம் தெரியாது. சுருட்டு 'ஷெரூட்' ஆயிற்று. 1886இல் வெளிவந்த யூல், பர்னல் அகராதியில் இவை எல்லாம் உண்டு. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். ஆகவே தகுதியுள்ள சாட்சி. நூலின் பெயர் 'ஹாப்சன்-ஜாப்சன்'. முஹர்ரம் ஊர்வலத்து 'யா ஹசன், யா ஹுசைன்' வெள்ளைச் சிப்பாய்களின் காதில் பட்ட பாடு அது. தலைப்பிலேயே கைவரிசையைக் காட்டியவர்களிடமா உச்சரிப்பு கேட்பது?

'சொல் புகுந்த வீட்டு வழக்கப்படிதான் ஒலிக்கும், பிறந்த வீடு தலையிடக் கூடாது' என்பார்கள். நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் நமக்கும் பொருந்த வேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25இல் காரைக்குடியில் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனத்தின் பெயர் சென்ட்ரல் எலக்ட்ரோகெமிக்கல் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட். மூச்சு வாங்காமல் சொல்லி முடிப்பதற்குள் பஸ் நிறுத்தம் தாண்டிவிடும். ஊர் அதைச் 'சிக்ரி' என்று வீட்டுக்குள் அழைத்துக்கொண்டது. புகுந்த வீடே அதிகாரம் என்றால் சிக்ரி பிழையற்ற ஆங்கிலம். பிறந்த வீடே அதிகாரம் என்றால் கரண்டம் தவறு, குருந்தமே சரி. எந்தக் கட்சியை எடுத்தாலும் காரைக்குடி ஜெயிக்கிறது. இரண்டு வீட்டுச் சாவியும் லண்டன் இடுப்பில்தான் தொங்க வேண்டும் என்பதற்கு மட்டும் சாத்திரம் இல்லை.

இந்நெறிக்குச் சங்கடம் தருவது ஒரே ஒரு சொல். தமிழ்க் கிடங்கோ தெலுங்குக் கிட்டங்கியோ மலாய்க்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்தில் 'கோடவுன்' ஆயிற்று என்பது அகராதிக்காரர் கணக்கு. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் பெட்டியடி போட்டு வட்டிக்கடை நடத்திய கட்டடங்களுக்குக் கிட்டங்கி என்றே பெயர். கடல் தாண்டியவர்கள் சொல்லைச் சேதமில்லாமல் வைத்திருந்தார்கள். ஊரில் இருந்த நாமோ போனதைத் திரும்ப வாங்கி, 'குடோன்' என்று லாரி ஆபீஸ் பலகையில் எழுதிவிட்டோம். எதிர்க்கட்சி இதைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கட்டும். குடோன் பிறந்த வீட்டு ஒலியும் அல்ல, லண்டன் ஒலியும் அல்ல. முழுக்க நம் சொந்தத் தயாரிப்பு. சமாதானத்துக்காகக் 'கோடவுன்' என்ற உச்சரிப்பை மட்டும் லண்டனுக்கு விட்டுக்கொடுக்கலாம். அவர்கள் வேர்ஹவுஸ் என்றே சொல்லிக்கொள்வதால் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.