வேட்டியா, வெண்திரையா?

கேள்வி: புரொஜெக்டர் வாங்கிவிட்டேன். திரைக்குப் பழைய வேட்டி போதாதா?

பதில்: வேட்டி மெல்லியது, ஒளியில் ஒரு பங்கு அதை ஊடுருவிப் போய்விடும். உங்களோடு பின்சுவரும் படம் பார்க்கும்! ஒளி ஊடுருவாத, வெள்ளை நிற பிளாக்அவுட் துணி வாங்குங்கள். 100 அங்குலத் திரை வேண்டுமென்றால், அந்த 100 என்பது மூலைவிட்ட அளவு. 16:9 விகிதத்தில் அகலம் 87, உயரம் 49 அங்குலம் வரும். வளையாத மரச்சட்டத்தில், ஒவ்வொரு பக்கமும் நடுவில் தொடங்கி மூலைகளை நோக்கித் துணியை இழுத்து ஸ்டேப்ளர் பின் அடியுங்கள். சுருக்கம் விழுந்தால் கதாநாயகிக்கு வயதாகிவிடும்! ஓரங்களில் கறுப்பு வெல்வெட் பட்டை ஒட்டுங்கள். வழியும் ஒளியை அது விழுங்கிவிடும். அறையையும் நன்றாக இருட்டாக்குங்கள். எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பை வீச முடியாது. அதை உங்கள் அறைதான் தர வேண்டும்.