தம்பி வெச்ச ஆப்பு

வா தம்பி, திண்ணையில குந்து. போன்ல ஆப்பு செஞ்சிருக்கியாமே, 16 மொழியிலயாம்? ராத்திரி மிஷின்கிட்ட குடுத்துட்டுப் படுத்தியாம், விடியறதுக்குள்ள எல்லாம் ரெடியாம். கெட்டிக்காரன்தான். நம்ம இடையஞ்சாவடிக்கு 16 மொழி ஒண்ணும் புதுசில்ல. 1968 பிப்ரவரி 28-ல அந்தண்ட ஆரோவில்லத் தொடங்கினப்ப, அதோட சாசனத்த 16 மொழியில படிச்சாங்க. ஆனா அதுல மொத்தமே நாலு பத்திதான். உன்னுதுல ஆயிரத்துச் சொச்சம் வரியாம். அவங்களவிட நீ பெரிய ஆளு. அதனால சொல்றேன், கேட்டுக்கோ.

மிஷினோ ஆளோ, மொழிபெயர்க்கிறவனுக்கு ஒத்த ஒத்த சொல்லா உருவி அனுப்பு. அது பொத்தான்ல வருதா, தலைப்புல வருதான்னு படம் எடுத்துக் காட்டிடாத. காட்டினா சரியாச் செஞ்சு தொலைச்சிடுவான்.

பேரு வர்ற எடத்த ஓட்டையா விட்டு, பின்னாடியே 'க்கு'ன்னு ஒட்டி வை. 'செல்வம்க்கு பணம் அனுப்பப்பட்டது', 'முருகன்க்கு பணம் அனுப்பப்பட்டது'ன்னு ஜோராக் காட்டும். 'பெறுநர்: செல்வம்'னு போட்டா வம்பே இல்லன்னு எவனாவது சொல்லுவான். காதுல வாங்காத.

ஒருமை, பன்மை ரெண்டு போதும்னு நெனச்சுக்கோ. யூனிகோடுக்காரங்க வெச்சிருக்கிற சி.எல்.டி.ஆர். கணக்குல ஜப்பான் மொழிக்கு ஒரு வடிவம், தமிழுக்கு 2, அரபிக்கு 6. அரபிக்காரன் வந்து உன் சட்டையப் புடிக்கவா போறான்? அவன் வலப்பக்கத்துலேருந்து படிக்கட்டும், உன் அம்புக்குறி பழைய பக்கமே பாத்துக்கினு நிக்கட்டும்.

பொத்தான இங்கிலீஷ் அளவுக்கே செய். தமிழ் நீண்டு போனா வெட்டிட்டு மூணு புள்ளி வெச்சிடு. 'பணத்தைத் திரும்ப...'ன்னு நிக்கும். தரணுமா, வாங்கணுமான்னு கெழவன் தவிக்கட்டும்.

ஆண்ட்ராய்டுல தமிழ்க் கோப்புல ஒரு வரி விட்டுப்போனா, மூலக் கோப்புல இருக்கிறத அதுவே எடுத்துப் போட்டுக்குமாமே! அப்ப விட்டதத் தேடி நீ ஏன் கண்ணக் கெடுத்துக்கணும்? பணம் கட்டுற நேரத்துல இங்கிலீஷ் வந்து நிக்கும்போது ஜனங்களே கண்டுபிடிப்பாங்க.

மரக்காணத்து உப்பளத்துல இந்த சௌகரியம் கெடையாது. தண்ணியில உப்போட அடர்த்தி 25 டிகிரி ஏறினாத்தான் உப்பு பூக்கும். 30-ஐ நெருங்கவிட்டா கசப்புத் தண்ணி, வடிச்சிடணும். அதனால பாத்தி பாத்தியாப் போய் டிகிரி பாத்துக்கினே இருப்பாங்க. உன் ஆப்புல அப்பிடிப் பாக்க மொழிக்கு ஒரு ஆளு வெக்கணும், கையில போனக் குடுத்து அமுக்கச் சொல்லணும், அவன் மூஞ்சி எங்க சுளிக்குதுன்னு நீ கூட நின்னு கவனிக்கணும், கூலியும் தரணும். எதுக்குப்பா வீண் செலவு?

கூலி குடுக்க மனசு வரலன்னா இன்னொரு வழியும் இருக்கு. தமிழே வேணாம், இங்கிலீஷ்லயே விட்டுடு. புரியலன்னா எங்களுக்குப் படிப்பு பத்தலன்னு வாய மூடிக்குவோம். தமிழ்ல குடுத்தும் புரியலன்னாத்தான், எவன்டா இதச் செஞ்சவன்னு கேப்போம்.